தமிழ்நாட்டு மக்கள்தொகையும் இடப்பெயர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்கள்தொகை என்றதும் பிறப்பு, இறப்பு, குடும்பக் கட்டுப்பாடு என்றே பேசிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டில் அந்தப் பேச்சுக்கு இப்போது பெரிய வேலை இல்லை. ஒரு மாவட்டம் வளருமா, தேயுமா என்று தெரிய வேண்டுமானால் பிரசவ வார்டை விட ரயில் நிலையத்தைப் பார்ப்பது நல்லது. அடிக்கடி காதில் விழும் கேள்விகளையும் அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறோம்?

வீடு வீடாகப் போய் எண்ணிச் சொன்ன கடைசிக் கணக்கு 2011-ல் எடுத்தது: 7,21,47,030 பேர். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது, அப்புறமும் தள்ளிக்கொண்டே போனது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் என்று மத்திய அரசு 2025 ஜூனில்தான் அறிவிக்கை வெளியிட்டது.

இடையில் இருப்பதெல்லாம் மதிப்பீடுதான். மத்திய அரசின் வல்லுநர் குழு 2020-ல் வெளியிட்ட கணிப்பு 2021-ம் ஆண்டுக்குச் சுமார் 7.64 கோடி என்று சொன்னது. அந்தக் கணக்கில் இன்று ஏழே முக்கால் கோடியை ஒட்டி இருப்போம். "எட்டுக் கோடித் தமிழர்கள்" என்று மேடையில் கேட்பது ஓசைக்காகக் கொஞ்சம் தூக்கிச் சொல்வது.

நூறு வருடத்தில் எப்படி வளர்ந்தது?

இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1901-ல் 1.93 கோடிப் பேர் இருந்தார்கள். 1951-ல் 3.01 கோடி, 2001-ல் 6.24 கோடி. முதல் ஐம்பது வருடத்தில் ஒன்றரை மடங்கு, அடுத்த ஐம்பதில் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆரம்ப காலம் மெதுவாக நகர்ந்ததற்குக் காரணம் சாவு. 1876-78-ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்ட தலைமுறை சமீபம் வரை இருந்தது. அதற்குப் பிறகும் காலராவும் பெரியம்மையும் விடவில்லை. 1918-ல் இன்ஃப்ளூயன்சா வந்தது. 1911-லிருந்து 1921 வரை பத்து வருடத்தில் கூடியது ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் மட்டுமே.

உச்சம் 1961-71. அந்தப் பத்தாண்டில் 22.3 சதவீதம் வளர்ந்தோம். அப்போது பெண்கள் திடீரென்று கூடுதலாகப் பெறத் தொடங்கவில்லை. பெற்ற பிள்ளைகள் பிழைத்தன, அவ்வளவுதான். பிறகு வேகம் படிப்படியாக இறங்கி, 1991-2001-ல் 11.7 சதவீதத்துக்கு வந்தது.

இன்னொரு பழைய எண்ணும் இங்கே பொருந்தும். 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 1,044 பெண்கள் இருந்தார்கள். ஆண்களில் பலர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயாவின் தோட்டங்களிலும் ரங்கூன் துறைமுகத்திலும் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆக, இடப்பெயர்வு நம் கணக்கில் புதிதாக நுழைந்த விஷயமே இல்லை.

பிறப்பு குறைந்துவிட்டது என்கிறார்களே, எவ்வளவு?

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கருவள விகிதம் என்பார்கள். அது 2.1 என்று இருந்தால் ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடு செய்துகொள்ளும். தமிழ்நாடு இந்த அளவை 1990-களிலேயே ஏறக்குறைய எட்டிவிட்டது. மாதிரிப் பதிவு முறையின் 2020-ம் ஆண்டு அறிக்கைப்படி நம் விகிதம் 1.4, நாட்டுக்கு 2.0. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல் 1.8 என்றது. இரண்டு ஆய்வுக்கும் முறை வேறு, அதனால் எண்ணும் வேறு. எதை எடுத்தாலும் 2.1-க்குக் கீழேதான்.

இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் வந்தது. சத்துணவும் தடுப்பூசியும் சேர்ந்து, பெற்ற பிள்ளை நிலைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 1930-களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றிப் பெரியார் வெளிப்படையாகப் பேசிய மண் இது. ஆட்சித் தரப்பிலும் ஒரு சுவையான கதை உண்டு. 1951 கணக்கெடுப்பை நாடு முழுவதற்கும் நடத்திய ஆணையர் ஆர்.ஏ. கோபாலசுவாமி பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். எண்ணிப் பார்த்து மிரண்ட மனிதர் அறுவைச் சிகிச்சை முகாம்களைத் தள்ளிக்கொண்டு போனதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. 2024-ல் ஒரு கல்யாண மேடையில் "பதினாறும் பெற்று" என்பதை அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே பாதி விளையாட்டாக எடுத்துப் பேசினார். சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தைப் பார்த்து வளர்ந்த என் தலைமுறைக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பிறப்பு குறைந்தால் வளர்ச்சியும் குறைய வேண்டும். 2001-11-ல் 11.7-லிருந்து 15.6 சதவீதமாகக் கூடியது எப்படி?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். அந்தப் பத்தாண்டில் பிறப்பு ஆயிரம் பேருக்கு 16-ஐ ஒட்டியும் இறப்பு ஏழரையை ஒட்டியும் இருந்தன. கழித்தால் வருடத்துக்கு ஆயிரத்துக்கு எட்டரை, ஒன்பது பேர் கூடுகிறார்கள். சராசரி மக்கள்தொகை ஆறே முக்கால் கோடி என்று வைத்தால், பத்து வருடத்தில் பிறப்பினால் மட்டும் கூடியது 57 முதல் 60 லட்சம். ஆனால் கணக்கெடுப்பு காட்டிய கூடுதல் 97 லட்சம். அப்படியானால் மிச்சம் 37 லட்சத்துக்கும் மேலே இருப்பவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

எல்லோரும் ரயிலேறி வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 2001-ல் சிலர் விட்டுப்போய், 2011-ல் சரியாக எண்ணப்பட்டிருக்கலாம். பிறப்பு விகிதமே மாதிரிக் கணக்குதான், அதிலும் பிழை இருக்கும். வெளியே போய்க்கொண்டிருந்த நம் ஆட்கள் உள்ளூரிலேயே வேலை கிடைத்துத் தங்கியதும் ஒரு பங்கு. இவ்வளவையும் கழித்த பிறகும் ஒரு பெரிய துண்டு மிஞ்சுகிறது, அது உள்ளே வந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், திருப்பூர் என்று தொழிற்சாலைகள் பெருகிய பத்தாண்டு அது. பிறப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த 15.6 புரியாது.

எந்த மாவட்டங்கள் வளர்கின்றன, எவை தேய்கின்றன?

2001-11 கணக்கை அன்றைய மாவட்ட எல்லைப்படி பாருங்கள். காஞ்சிபுரம் ஏறக்குறைய 39 சதவீதம் கூடியது, திருவள்ளூர் 35, திருப்பூர் 29. செங்கல்பட்டு அப்போது காஞ்சிபுரத்துக்குள் இருந்தது. 2019-ல்தான் தனி மாவட்டமானது. சென்னையோ 7, 8 சதவீதத்தோடு நின்றது. நகரம் வளரவில்லை என்று பொருள் இல்லை. அதன் பழைய எல்லைக்குள் இடம் இல்லாமல் தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வழிந்தது. 2011-ல் மாநகராட்சி எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்ததும் அந்த வழிசலைத் துரத்திக்கொண்டு போனதுதான்.

ஆட்கள் குறைந்த மாவட்டமும் உண்டு. நீலகிரி 7.62 லட்சத்திலிருந்து 7.35 லட்சமாக இறங்கியது. தேயிலை விலை சரிந்ததும் மலையிலிருந்து கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனவர்கள் பலர்.

எண்ணிக்கையில் அவ்வளவாகத் தெரியாத தேய்வு வேறு. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கிராமங்களுக்குப் போனால் பார்க்கலாம். நல்ல காரை வீடு, கிரில் கேட்டில் பூட்டு, பூட்டின் மேல் மழைக்குப் போட்ட பாலிதீன் பை. பக்கத்துத் திண்ணையில் ஓர் அப்பத்தா இருப்பார், அவர் இடுப்பில் அந்த வீட்டுச் சாவியோடு இன்னும் நான்கு வீட்டுச் சாவி. புரட்டாசியில் உழ வேண்டிய நிலத்தில் சீமைக்கருவேலம் நிற்கும். ஊர் மறுபடி ஊராவது பங்குனித் திருவிழாவுக்கும் குலசாமி கும்பிட்டுக்கும்தான். ரேஷன் அட்டையில் அவர்கள் எல்லோரும் இன்னும் அந்த ஊர்க்காரர்களே.

இவ்வளவு வேகமாக நகரமயமானது எப்படி?

2011-ல் 48.4 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். பெரிய மாநிலங்களில் இதுவே முதலிடம். 1991-ல் இது 34 சதவீதம்தான். ஆனால் இவ்வளவு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. பல இடங்களில் ஊரே இருந்த இடத்தில் இருந்துகொண்டு நகரமாகிவிட்டது. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலைக்குப் போய், மக்கள்தொகை ஐயாயிரத்தையும் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு நானூறையும் தொட்டால் கணக்கெடுப்பு அதை நகரம் என்று எழுதிவிடும். அங்கே இன்னும் ஊராட்சித் தலைவர்தான் இருப்பார்.

‘இடம்பெயர்ந்தவர்’ என்று யாரைக் கணக்கில் எடுப்பார்கள்?

பிறந்த இடம் வேறு, இருக்கும் இடம் வேறு என்றால் ஒரு கணக்கு. கடைசியாக வசித்த இடம் வேறு என்றால் இன்னொரு கணக்கு. இந்த முறைப்படி பார்த்தால் பெரும்பான்மை இடம்பெயர்ந்தவர்கள் பெண்கள், காரணம் கல்யாணம். உசிலம்பட்டியில் பிறந்து திருமங்கலத்துக்கு வாழ வந்த பெண்ணும் கணக்கில் இடம்பெயர்ந்தவரே. அதனால் "தமிழ்நாட்டில் இத்தனை கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள்" என்று பெரிய எண்ணைப் பார்த்தால், அதில் கல்யாணம் எவ்வளவு, வேலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் போக வேண்டாம்.

அப்படியானால் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள்?

பெரும்பாலும் கணக்கில் தப்பிவிடுகிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்துக் குடும்பங்கள் தை பிறந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குக் கிளம்பும். கோழிக்கூண்டு உயரத்தில் செங்கல்லை அடுக்கி, மேலே தகரம் போட்டால் அதுதான் ஐந்தாறு மாதத்துக்கு வீடு. மழை வருவதற்குள் ஊர் திரும்ப வேண்டும், திரும்பும்போது முன்பணம் கழிந்திருக்க வேண்டும். கழியாவிட்டால் அடுத்த வருடமும் அதே சூளைதான். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு கட்டட வேலை இப்படித்தான். வாரக் கூலி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை இரவு பேருந்தில் வந்து திங்கள் விடிகாலை திரும்புகிறவர்களும் உண்டு.

இவர்கள் பிறந்த இடத்திலேயே ‘வசிப்பவர்கள்’ என்று பதிவாகிறார்கள். பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டில் மட்டும் அந்த ஐந்து மாதம் தெரியும், ‘வரவில்லை’ என்று.

வட மாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? ஒரு கோடி என்கிறார்களே?

ஒரு கோடி என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. தமிழ்நாட்டில் இருக்கும் ஏழு, எட்டுப் பேரில் ஒருவர் என்று ஆகிவிடும். 2015-16-ல் தொழிலாளர் துறை எடுத்த கணக்கில் 10.67 லட்சம் என்று வந்தது. அதற்குப் பிறகு கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. ஓட்டல், சலூன், கோழிப்பண்ணை என்று அப்போது இல்லாத இடங்களிலெல்லாம் இப்போது இருக்கிறார்கள். ஆனால் கண்ணில் படுவதையே எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. கட்டட வேலை ஆளும் ஓட்டல் ஆளும் தெருவில், பேருந்தில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நம் கண்ணில் படுகிறவர்கள். அதனால் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரிகிறார்கள்.

முன்பு பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், உத்தரப் பிரதேசம் எல்லாவற்றையும் சேர்த்து ‘இந்திக்காரர்’ என்போம். அவர்களில் பலருக்கு வீட்டு மொழி ஒடியா, வங்காளம், சந்தாலி. இந்தி அவர்களுக்கும் கற்றுக்கொண்ட மொழியே.

அவர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்களா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் நின்று பாருங்கள். "ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை" என்று அட்டை தொங்கும், பெரும்பாலும் வருடம் முழுக்க. இப்போது அதன் கீழேயே இந்தியிலும் எழுதியிருக்கும். முப்பது வருடத்துக்கு முன் அந்த அட்டையைப் பார்த்து வந்தவர்கள் மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர்க்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்துவிட்டார்கள், தையல் மெஷினில் உட்காரத் தயாரில்லை. ஈடு செய்ய உள்ளூரில் அடுத்த தலைமுறையும் அவ்வளவு பெரிதாக இல்லை. 1.4 என்று மேலே சொன்ன எண்ணை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள், அட்டையில் இந்தி வந்த கதை புரியும்.

டெல்டாவிலும் இதே கதைதான். நடவுக்குப் பெண்கள் கிடைப்பதில்லை என்று ஆரம்பித்து, இன்று மேற்கு வங்காளத்திலிருந்து வரும் குழுக்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுவிட்டுப் போகின்றன. காலையில் இறங்கினால் மதியத்துக்குள் வயல் பச்சையாகிவிடும். பார்த்த விவசாயி அடுத்த பட்டத்துக்கும் அவர்களுக்கே போன் போடுகிறார்.

அதே சமயம், பாதிப்பே இல்லை என்பதும் உண்மை இல்லை. சித்தாள், பெயின்டர், லோடு வேலைகளில் உள்ளூர்க் கூலி ஏறாமல் நிற்பதற்கு இவர்கள் வரவும் ஒரு காரணம். ஆனால் குறைந்த கூலிக்கு ஆளெடுத்து, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டாமல், ஒரு ஷெட்டில் இருபது பேரை அடைத்து லாபம் பார்ப்பவர் யார்? கோபம் அந்தப் பக்கம் போவதே இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே சட்டம் போட்டாயிற்று. ஒப்பந்ததாரர் உரிமம் வாங்க வேண்டும், ஊர் போய்வரப் படி தர வேண்டும் என்றெல்லாம், 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டம் சொன்னது. அதை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை.

‘வடக்கன்’ என்று கேலி பேசுகிறவர்களுக்கு ஒன்று. 1960-களில் பம்பாயில் நம் ஆட்களை ‘மதராசி’ என்று துரத்தினார்கள். தாராவியில் தோல் பதனிட்டவர்களில் திருநெல்வேலிக்காரர்கள் நிறையப் பேர். அவர்கள் அன்று கேட்டதும் இதே கேள்விதான்: இந்த வேலையை யாரிடமிருந்து பறித்தோம்?

2023-ல் தொழிலாளர்கள் தாக்கப்பட்டதாக வந்த வீடியோக்கள்?

பொய். 2023 மார்ச்சில் பரவியவற்றில் பல, சம்பந்தமே இல்லாத வேறு சண்டைகளின் காட்சிகள். பீகார் அரசின் குழு ஒன்று நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனாலும் ஹோலிக்கு ஊர் போனவர்கள் திரும்பத் தயங்கி, அந்தச் சில வாரங்கள் திருப்பூரிலும் கோவையிலும் முதலாளிகள் தவித்தது நிஜம்.

நம் ஆட்கள் எங்கெல்லாம் போகிறார்கள்?

"திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலோடியவர்களில் பெரும்பாலோர் திரவியம் தேடிப் போனவர்கள் அல்ல, பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, ஃபிஜி கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள். 1860 நவம்பரில் டர்பனில் இறங்கிய முதல் கப்பல் சென்னையிலிருந்து போனதுதான். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி மூலம் போனார்கள். கடனும் கங்காணியிடம், கூலிக் கணக்கும் கங்காணியிடம். பர்மாவுக்குப் போன நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கதை வேறு, அவர்கள் கொண்டுவந்த தேக்கு இன்னும் காரைக்குடி வீடுகளில் தூணாக நிற்கிறது.

இன்றைக்கு வருவோம். 2015-ல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. முதலிடம் வளைகுடா என்று நினைப்போம். தனி நாடாக எடுத்தால் அப்போது சிங்கப்பூர்தான் முன்னால் நின்றது, அடுத்து ஐக்கிய அரபு அமீரகம். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் வெளிநாடு போனவரைச் ‘சபராளி’ என்பார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ‘சிங்கப்பூர் சபராளி’ வீட்டை அதன் டைல்ஸை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

நாட்டுக்குள் போகிறவர்கள் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் போர் போடும். நாமக்கல் லாரி ஓட்டுநர் மாதத்தில் இருபத்தைந்து நாள் ரோட்டில் இருப்பார். ஒரு வருடம் குல்பர்காவில், மறுவருடம் நாக்பூரில் முறுக்குக் கடை போடும் குடும்பங்கள் மதுரை மாவட்டத்தில் இருக்கின்றன. ஐ.டி. பிள்ளைகள் பெங்களூருவில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா?

வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்டின் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால் வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்பி "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்வதில்தான் பெரும்பாலான மோசடிகள் தொடங்குகின்றன. 2022-ல் தாய்லாந்து டேட்டா என்ட்ரி வேலை என்று போய் மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய இளைஞர்களும் அப்படிப் போனவர்களே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது; அங்கே விசாரித்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

போனவர்கள் திரும்பி வந்தது உண்டா?

மொத்தமாகவே வந்திருக்கிறார்கள். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து கடைகளைத் தேசியமயமாக்கியதும் கையில் இருந்ததோடு கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் எதிரே பர்மா பஜார் அப்படி முளைத்ததுதான். வடசென்னையில் மாலை நேரத்தில் அத்தோ வண்டி முன்னால் நிற்கும் கூட்டத்தில் பலருக்கு அது ரங்கூனிலிருந்து வந்த சாப்பாடு என்றே தெரியாது.

இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள் இன்னும் அதிகம். 1964-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும் என்றது. தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்களை ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயரிட்டுக் கூட்டி வந்தார்கள். கூடலூர், கோத்தகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தைத் தொடங்கியது. அங்கே கொழுந்து பறித்த கை இங்கேயும் கொழுந்து பறித்தது. முன்னே சொன்ன நீலகிரித் தேய்வில், மறுபடியும் மூட்டை கட்டிய இந்தக் குடும்பங்களும் உண்டு.

1983-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, பேச்சில் மதுரை வாடை அடிக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை மட்டும் இன்னும் கேள்விக்குறி.

வயதானவர்கள் கூடுகிறார்களாமே?

2011-ல் நூறில் பத்துப் பேருக்கு அறுபது வயதுக்கு மேல். 2031-ல் பதினெட்டுப் பேர் என்பது மத்திய அரசுக் குழுவின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்தபடி நாம். மொத்த மக்கள்தொகையே 7.8 கோடியை ஒட்டி ஏறாமல் நின்றுவிடும் என்கிறது அதே கணிப்பு. பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் ஊரில் என்ற நிலையில் யார் பார்த்துக்கொள்வது என்பது ஏற்கெனவே வந்துவிட்டது. கோவையில் ஒரு முதியவரைத் தூக்கி உட்கார வைக்கும் ‘அட்டெண்டர்’ ஒடிசாப் பெண்ணாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பாட்டி அவளை "ஏம்மா" என்று கூப்பிடுவார், அவள் "சொல்லு அம்மாச்சி" என்பாள். தமிழ் அதிகம் வராது, அந்த இரண்டு சொல் போதுமானதாக இருந்தது.

தொகுதி மறுவரையறை என்றால் நாம் ஏன் பயப்பட வேண்டும்?

மக்கள்தொகைப்படி மக்களவை இடங்களைப் பிரிப்பது வழக்கம். 1962-ல் நமக்கு 41 இடங்கள், 1967-ல் 39. குறைந்த சதவீதத்தில் வளர்ந்ததற்கு அப்போதே விலை கொடுத்தோம். பிறகு 1976-ல் 1971 கணக்கோடு நிறுத்தி வைத்து, 2001-ல் அதையே 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டினார்கள். 1971-ல் நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏழரை சதவீதம். 2011-ல் ஆறு. வெறும் தலைக்கணக்கு என்றால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

நிதிப் பங்கீட்டிலும் இதே வழக்கு. பதினைந்தாவது நிதிக் குழு 2011 மக்கள்தொகையை எடுத்துக்கொண்டது. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்தியவர்களுக்கு ஈடாக 12.5 சதவீத எடை தனியாகக் கொடுத்தது. ஆக மொத்தம், மாநிலங்களுக்குப் பகிரும் மத்திய வரியில் நமக்குக் கிடைத்தது 4.079 சதவீதம்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு முரண் உண்டு. திருப்பூரில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் பீகார்த் தொழிலாளி கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆள். அவரால் நம் எண் கூடுகிறது. வாக்குச்சீட்டோ பெரும்பாலும் பீகாரில். ஒருவரை எங்கே எண்ணுவது, எங்கே வாக்களிக்க விடுவது, எங்கே அரிசி கொடுப்பது என்ற மூன்றுக்கும் மூன்று ஊர் பதிலாக வரும் காலம் இது.

வேறு ஊரில் இருப்பவர் ரேஷன், வாக்காளர் பட்டியல் இரண்டையும் என்ன செய்வது?

ரேஷன் சுலபம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. வெளி மாநில அட்டைக்கு மத்திய அரசுப் பங்கு மட்டும் இங்கே கிடைக்கும், கைரேகை விழ வேண்டும். நாள் முழுக்கச் சிமெண்ட் கலக்குகிற கைக்கு அது முதல் தடவையில் விழாது, பொறுமையாக இரண்டு, மூன்று விரலை மாற்றி வையுங்கள்.

வாக்காளர் பட்டியல்தான் சிக்கல். எங்கே ‘சாதாரணமாக வசிக்கிறீர்களோ’ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. அதில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள் 66 லட்சத்துக்கு மேல். பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போன அலுவலருக்கு வேறென்ன எழுத முடியும்? நீங்கள் வாடகை வீடு மாறியிருந்தால் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். தேர்தல் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கணக்கெடுக்க வருகிறவரிடம் துபாயில் இருக்கும் மகன் பெயரையும் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. எண்ணும் நாட்களில் நாட்டில் இல்லாதவர் கணக்கில் வரமாட்டார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளை விடுதியில் எண்ணுவார்கள், வீட்டில் மறுபடி சொன்னால் இரட்டிப்பாகும். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு பொங்கலுக்கு மட்டும் வரும் மகனைச் சென்னையில்தான் எண்ண வேண்டும். அப்பத்தாவுக்கு மனசு கேட்காது, எடுத்துச் சொல்லுங்கள்.

வீடே இல்லாதவர்களுக்குத் தனி ஏற்பாடு. போன முறை 2011 பிப்ரவரி 28 இரவு, பாலத்தடியிலும் பிளாட்பாரத்திலும் கோயில் மண்டபத்திலும் தூங்குகிறவர்களைத் தேடிப்போய் எண்ணினார்கள்.